எரிமலை மண், மேட்டு நிலம், திராட்சை

வைகை கடலைச் சேரும் இடத்துக்கு அருகே, ராமநாதபுரம் மாவட்டத்தின் அழகன்குளத்தில், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1986-87இல் தொடங்கிப் பல பருவங்கள் அகழாய்வு செய்தது. ரோமானியக் காசுகளும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்த அந்த ஊரில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த ஆம்போரா சாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. ஆம்போரா என்பது இரண்டு கைப்பிடியும் கூம்பிய அடியும் கொண்ட உயரமான மண்சாடி. திராட்சை மது, ஆலிவ் எண்ணெய், மீன் ஊறல் ஆகியவை அதில் அடைபட்டுக் கப்பலேறின. மதுவுக்கான சாடிகளின் உட்புறம், கசியாமல் இருக்கப் பிசின் பூசப்பட்டிருக்கும்.

பாண்டிய நாட்டுக்கு யவனர் மது வந்ததற்கு இலக்கியச் சான்றும் உண்டு. புறநானூற்றின் 56ஆம் பாடலில், யவனர் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் பொற்கலத்தில் பருகி இனிது வாழுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளஸ், இன்றைய பரூச் ஆன பாரிகாசா துறைமுகத்தில் இத்தாலிய மதுவுக்குத்தான் முதல் மதிப்பு என்று எழுதிவைத்திருக்கிறது.

அந்த மது எந்த நிலத்தில் விளைந்தது என்பதைச் சாடியின் மண்ணே சொல்லிவிடும். அரிக்கமேட்டிலும் கேரளத்தின் பட்டணத்திலும் கிடைத்த சில ஆம்போரா ஓடுகளில், வெறும் கண்ணுக்கே தெரியும் கரிய மணிகள் கலந்துள்ளன. அவை எரிமலைக் குழம்பில் உருவாகும் பைராக்சின் கனிமத் துகள்கள். தென் இத்தாலியில் வெசுவியஸ் எரிமலையைச் சூழ்ந்த கம்பானியப் பகுதிச் சாடிகளின் அடையாளம் அது. ஆக, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எரிமலை மண்ணில் விளைந்த திராட்சையின் மது தமிழகக் கடற்கரைகளில் இறங்கியிருக்கிறது.

கடல்மட்டத்தில் மணலும் உவரும் பரந்த ராமநாதபுரம் கரைக்கு முற்றிலும் எதிரான நிலம் அது. மேட்டு எரிமலைச் சரிவு திராட்சைக்கு என்ன செய்கிறது, அதைத் தாழ்ந்த வெப்பக் கரை ஏன் செய்ய முடிவதில்லை என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. நிலம் தன் கல்லைப் பழத்துக்குள் ஏற்றுவதில்லை. செடிக்குக் கிடைக்கும் தண்ணீர், வெப்பம், காலம் ஆகிய மூன்றின் அளவையே அது தீர்மானிக்கிறது.

எரிமலை மண் ஒன்றல்ல, பல

எரிமலை கக்கும் பொருள்களில் பெரிய வேறுபாடு உண்டு. உருகி ஓடி உறைந்த குழம்பு, பசால்ட் போன்ற கரும்பாறையாகிறது. வானில் எறியப்பட்டு விழுபவை சாம்பல், சரளை, நுரைக்கல் என்று வகைப்படும். உள்ளே வாயுக் குமிழிகள் அடைபட்டு உறைந்ததால் நுரைக்கல்லில் துளைகள் நிறைந்திருக்கும். நீரில் போட்டால் மிதக்கும்.

வேதியியலும் இடத்துக்கு இடம் மாறுகிறது. வெசுவியஸின் குழம்பில் பொட்டாசியம் மிகுதி. கிரேக்கத்தின் சாண்டோரினித் தீவிலோ, சாம்பலும் நுரைக்கல்லும் குவிந்த மண்ணில் பொட்டாசியம் மிகக் குறைவு. இந்த வேறுபாடு பழத்தில் எதிரொலிக்கிறது. திராட்சையின் முதன்மை அமிலம் டார்டாரிக். புளியின் புளிப்பும் அதுவே. வேர் உறிஞ்சும் பொட்டாசியம் பழத்தில் சேரும்போது இந்த அமிலத்தின் ஒரு பகுதியை உப்பாக மாற்றிப் புளிப்பைத் தணிக்கிறது. பொட்டாசியம் குறைந்த சாண்டோரினியின் அஸிர்டிகோ திராட்சை, சுடுவெயிலில் பழுத்தும் கூர்மையான புளிப்பை இழக்காமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஒரே பாறைகூடத் தட்பவெப்பத்துக்கு ஏற்ப வெவ்வேறு மண்ணாகிறது. ஈரமும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் எரிமலைச் சாம்பல் சிதைந்து, அல்லோஃபேன் என்னும் நுண்ணிய கனிமம் உருவாகும். அந்த மண் எடையற்றது போல் பொலபொலப்பாக இருக்கும்; நீரை நிறையப் பிடித்துவைக்கும்; பாஸ்பரசை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டு செடிக்கு எளிதில் விடாது. மழையும் வறட்சியும் மாறி மாறி வரும் தக்காணத்தில் அதே எரிமலைப் பாறை, ஈரத்தில் உப்பி வெயிலில் வெடிக்கும் கரிசலாகிறது. பெருமழை கொட்டும் மகாபலேஷ்வர் உச்சியிலோ கரையக்கூடிய சத்தெல்லாம் கழுவிச் செல்லப்பட்டு, இரும்பு மிகுந்த செம்புறை மண்ணே மிஞ்சியிருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. கரிசல் உருவாக எரிமலைப் பாறை கட்டாயமில்லை. தமிழகத்தின் தென் மாவட்டங்களில் உள்ள கரிசலில் பெரும்பகுதி, எரிமலையோடு தொடர்பற்ற பழம்பாறைகளிலிருந்தும் ஆற்று வண்டலிலிருந்தும் உருவானது. எனவே எரிமலை மண் என்ற பெயரைக் கொண்டு ஒரு தோட்டத்தின் தன்மையைக் கணிக்க முடியாது. துகளின் அளவு, ஆழம், வயது, மழை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

வயதின் பங்கை சிசிலியின் எட்னா நன்றாகக் காட்டுகிறது. இன்றும் குமுறிக்கொண்டிருக்கும் அந்த மலையின் சரிவுகளில் வெவ்வேறு நூற்றாண்டுகளின் குழம்புகள் அருகருகே உறைந்து கிடக்கின்றன. அண்மைக் காலக் குழம்பில் பாறைப்பாசி மட்டுமே ஒட்டியிருக்கும். நூற்றாண்டுகள் கழிந்தபின் புதர்கள் வேரூன்றிப் பாறையைப் பிளக்கும், இலைமக்கு சேரும், அதன்பிறகே கொடி வளரத்தக்க மண் கிடைக்கும். அதனால் அங்கே வேலிக்கு இப்பாலும் அப்பாலும் மண் வேறு. எட்னா உழவர்கள் தோட்டங்களைக் கோந்த்ராதா என்ற சிறு வட்டாரங்களாகப் பிரித்துப் பெயரிட்டு, ஒவ்வொன்றின் ஒயினையும் தனியே அடைத்து விற்கிறார்கள்.

தண்ணீர்க் கணக்கு

திராட்சைக் கொடிக்கு ஈரம் தேவை; ஆனால் தேங்கிய நீர் ஆகாது. நீர் தாராளமாகக் கிடைத்தால் இலையும் தண்டும் கொழுக்கும். பழம் பருத்து நீர்த்துப்போகும். காய் நிறம் மாறத் தொடங்கும் பருவத்தில் மிதமான நீர்ப்பற்றாக்குறை ஏற்பட்டால் தளிர் வளர்ச்சி நின்று, இலை தயாரிக்கும் சர்க்கரை பழத்துக்குத் திரும்பும். பழமும் சிறிதாகும். நிறமும் துவர்ப்பும் மணப்பொருள்களில் பலவும் தோலில் இருப்பதால், பழம் சிறுத்தால் சாற்றின் அளவுக்குத் தோலின் பங்கு கூடுகிறது. நல்ல ஒயினுக்கு வேண்டியது இந்த விகிதம்.

எரிமலைச் சரளையும் நுரைக்கல்லும் இந்தக் கணக்குக்கு இயல்பாகவே ஒத்துப்போகின்றன. மிகுந்த நீர் இடைவெளிகள் வழியே இறங்கிவிடுகிறது. நுண்துளைகளில் தங்கிய ஈரம் மெல்ல மெல்ல வேருக்குக் கிடைக்கிறது. இதன் உச்சத்தை ஆப்பிரிக்கக் கரைக்கு அருகிலுள்ள ஸ்பெயினின் லான்சரோத்தே தீவில் காணலாம். 1730 முதல் 1736 வரை நீடித்த வெடிப்பு, அத்தீவின் விளைநிலங்களில் பெரும்பகுதியைச் சாம்பல் சரளையால் மூடியது. உழவர்கள் அந்தச் சரளையில் புனல் வடிவக் குழிகளைத் தோண்டி, அடியில் இருந்த பழைய மண்ணில் ஒவ்வொரு கொடியாக நட்டார்கள். குழியின் ஓரத்தில் காற்றைத் தடுக்க அரைவட்டக் கற்சுவர் எழுப்பினார்கள். ஆண்டுக்குச் சுமார் 150 மில்லிமீட்டர் மழையே பெய்யும் தீவில், கருஞ்சரளைப் போர்வை மண்ணின் ஈரம் ஆவியாகாமல் காத்ததால் கொடி பிழைத்தது.

சாண்டோரினியில் வேறொரு வழி. பலத்த காற்றும் மணல்வீச்சும் உள்ள அத்தீவில் கொடியைப் பந்தலில் ஏற்றாமல், தரையோடு கூடை வடிவில் சுற்றிப் பின்னுகிறார்கள். குலைகள் கூடைக்குள்ளே காய்க்கின்றன. கோடையில் மழையே இல்லாதபோது, இரவில் கடலிலிருந்து வரும் மூடுபனியின் ஈரத்தை நுரைக்கல் உறிஞ்சிவைக்கிறது.

நுண்ணிய களியற்ற இத்தகைய மண்ணுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. 1860களில் வட அமெரிக்காவிலிருந்து ஐரோப்பா வந்த ஃபிலாக்செரா என்னும் வேர்ப்பேன், அக்கண்டத்தின் திராட்சைத் தோட்டங்களில் மிகப் பெரும்பாலானவற்றை அழித்தது. பேனைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடிகளில் ஐரோப்பியக் கொடிகளை ஒட்டுக்கட்டித்தான் அத்தொழில் மீண்டது. களிமண் வெடிப்புகள் வழியே வேருக்கு வேர் ஊர்ந்து செல்லும் அந்தப் பூச்சியால், சரிந்து மூடும் மணலிலும் சாம்பலிலும் பரவ முடிவதில்லை. அதனால் சாண்டோரினியிலும் எட்னாவின் சில பகுதிகளிலும் ஒட்டுப்போடாத மிகப் பழைய கொடிகள் இன்றும் காய்க்கின்றன. இது எரிமலையின் சிறப்பன்று, மணலின் சிறப்பு. போர்ச்சுகல்லின் கொலாரெஸ் பகுதியில், அட்லாண்டிக் கடற்கரை மணலில் நட்ட கொடிகளும் இதே காரணத்தால் தப்பின. கடற்கரை மணல் திராட்சைக்கு ஒவ்வாத நிலம் அல்ல என்பதற்கும் கொலாரெஸ் சான்று.

உயரம் செய்வது

தரையிலிருந்து மேலே போகப் போக, ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. காற்று அடர்த்தி குறைந்து, ஈரமும் தூசும் குறைவதால், பகலில் வெயில் நேரடியாக விழுகிறது. இரவில் தரை தன் வெப்பத்தை விரைவாக வானுக்கு விட்டுவிடுகிறது. பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு விரிவடைகிறது. புற ஊதாக்கதிரும் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் கூடுகிறது.

இவை ஒவ்வொன்றும் பழத்தின் வேதியியலைத் தொடுகின்றன. திராட்சையில் டார்டாரிக் தவிர மாலிக் அமிலமும் உண்டு. பழுக்கும் காலத்தில் பழம் சுவாசிக்கும்போது இந்த மாலிக் அமிலத்தையே எரிபொருளாகச் செலவிடுகிறது. வெப்பம் கூடினால் செலவும் கூடும். குளிர்ந்த இரவில் அந்தச் செலவு குறைவதால் புளிப்பு மிஞ்சுகிறது. சிவப்பு நிறம் தரும் ஆந்தோசயனினும் வெப்பத்துக்கு அஞ்சும் பொருள். பழத்தின் வெப்பநிலை 35 பாகையைத் தாண்டினால் அதன் உற்பத்தி தளர்கிறது. வெதுவெதுப்பான இரவும் அதற்குத் தடை. புற ஊதாக்கதிரைத் தடுக்கத் தோல் தனக்குத்தானே ஃபிளேவனால் போன்ற பொருள்களைச் சேர்த்துக்கொள்வதால், உயரமான தோட்டத்துப் பழத்தின் தோலில் அத்தகைய சேர்மங்கள் கூடுதலாக இருக்கும்.

காலமும் நீள்கிறது. குளிர்ந்த மேட்டில் பழம் மெதுவாகப் பழுக்கிறது. சர்க்கரை ஏறுவதும், விதையின் துவர்ப்பு முதிர்வதும், மணம் கூடுவதும் ஏறத்தாழ ஒரே வேளையில் முடிகின்றன. வெப்பச் சமவெளியிலோ சர்க்கரை முந்திக்கொள்ளும். மணமும் நிறமும் வருமுன்பே பறித்தாக வேண்டும். எட்னாவில் 400 முதல் 1,000 மீட்டர் உயரம் வரை வளரும் நெரெல்லோ மஸ்கலேசே திராட்சை அக்டோபரில்தான் அறுவடைக்கு வருகிறது. சிசிலியின் தாழ்நிலத் தோட்டங்களில் பலவும் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே பறிப்பை முடித்துவிடுகின்றன.

உயரத்துக்கு எல்லையும் உண்டு. மிக உயர்ந்த இடத்தில் உறைபனி தளிரைக் கருக்கும். பழம் பழுக்கும் அளவு வெப்பம் சேராது. அந்த எல்லை நிலநடுக்கோட்டுக்கு உள்ள தூரத்தைப் பொறுத்தது. வட ஐரோப்பாவில் சில நூறு மீட்டரே மிகுதி. வட அர்ஜென்டினாவில் 3,000 மீட்டருக்கு மேலும் திராட்சை விளைகிறது. வெப்பமண்டல நாடுகளுக்கு உயரமே குளிர்ச்சி தரும் முதன்மை வழி.

கல் சுவைக்குமா

எரிமலை நிலத்து ஒயினில் கருங்கல்லின் சுவை, புகையின் மணம், உப்பின் சாயல் இருப்பதாக விற்பனையாளர்கள் எழுதுவது வழக்கம். பாறையின் கனிமம் வேர் வழியே ஏறிக் கோப்பைக்கு வருகிறது என்பது இதன் உட்பொருள். வேல்ஸின் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புவியியலாளர் அலெக்ஸ் மால்ட்மன், 2018இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை விரிவாக மறுத்திருக்கிறார்.

பாறையில் உள்ள கனிமங்கள் நீரில் எளிதில் கரையாத படிகங்கள். வேர் உறிஞ்சுவது அவற்றை அல்ல. சிதைவின்போது நீரில் கரைந்து வரும் பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் போன்ற அயனிகளை மட்டுமே. அவற்றிலும் செடி தனக்கு வேண்டிய அளவையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறது. இறுதியில் ஒயினில் மிஞ்சும் அயனிகள் மிகச் சொற்பம். பெரும்பாலானவற்றுக்கு நாக்கில் தனிச்சுவையும் இல்லை. நொதித்தலின்போது ஈஸ்ட் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது. ஒரு பகுதி படிந்து வெளியேறுகிறது. கல்லின் சுவை என்று உணரப்படுவது பெரும்பாலும் கூரிய அமிலமும், நொதித்தலில் உருவாகும் கந்தகச் சேர்மங்களும் சேர்ந்து தரும் உணர்வு.

இதனால் நிலத்துக்குப் பங்கில்லை என்றாகிவிடாது. பங்கு மறைமுகமானது. மண் நீரை அளந்து தருகிறது. கரும்பாறை பகலில் வெப்பத்தை ஏற்று மாலையில் திருப்பித் தருகிறது. சரிவு குளிர்காற்றை வடியவிட்டு வெயிலின் கோணத்தை மாற்றுகிறது. இவற்றுக்குக் கொடி எப்படி ஈடுகொடுக்கிறது என்பதே பழத்தில் தெரிகிறது.

தக்காணத்தின் எரிமலைத் தோட்டங்கள்

இந்தியாவில் எரிமலை நிலம், உயரம், ஒயின் மூன்றும் சேரும் இடம் மகாராஷ்டிரத்தின் நாசிக். அங்குள்ள பாறை எட்னாவைப் போல நேற்றைய குழம்பு அன்று. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், கூம்பு மலையாக வெடிக்காமல் தரைப் பிளவுகள் வழியே பொங்கிப் பரவிய குழம்பு அடுக்கடுக்காக உறைந்து தக்காணப் பீடபூமியாயிற்று. இன்றும் அது சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை மூடியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் அதன் தடிமன் கிலோமீட்டர் கணக்கில் உள்ளது. அந்த அடுக்குகளைப் படிபோலச் செதுக்கியதே சகியாத்ரியின் தோற்றம்.

நாசிக் கடல்மட்டத்துக்குச் சுமார் 600 மீட்டர் மேலே இருக்கிறது. உயரத்தால் மட்டும் கிடைப்பது நான்கு பாகைக் குளிர்ச்சி. அதைவிடப் பெரிய உதவி, கடலிலிருந்து விலகிய வறண்ட குளிர்காலம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் பகல் 28 பாகையைத் தொட்டாலும் இரவு 10 பாகைவரை இறங்குவது சாதாரணம். இந்த இடைவெளியைப் பயன்படுத்தவே அங்குள்ள உழவர்கள் கொடியின் நாட்காட்டியை மாற்றியமைத்தார்கள்.

ஐரோப்பாவில் கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி, வசந்தத்தில் துளிர்க்கும். வெப்பமண்டலத்தில் அந்த உறக்கம் வருவதில்லை. அதனால் நாசிக்கில் ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்கிறார்கள். ஏப்ரல் கவாத்தில் கொடியை ஒட்ட வெட்டிப் புதிய கிளைகளை வளரவிட்டு, மழைக்காலம் முழுதும் இலையோடு நிறுத்துகிறார்கள். பருவமழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் செய்யும் அடுத்த கவாத்துக்குப்பின் பூவும் பிஞ்சும் வரும். பழம் குளிர்காலத்தில் முற்றி ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடையாகிறது. மழையில் பழுத்தால் வரக்கூடிய அழுகலும் அடிச்சாம்பல் நோயும் இதனால் தவிர்கின்றன.

எரிமலைப் பாறை தந்த கரிசலே இங்கே சிக்கலாகவும் இருக்கிறது. ஆழமான கரிசலில் ஸ்மெக்டைட் என்னும் களி மிகுதி. மழையில் உப்பி நீரைத் தேக்கும், கோடையில் பிளந்து வேரை அறுக்கும். அங்கே கொடி கொழுத்து வளரும். ஒயினுக்கு வேண்டிய செறிவு வராது. அதனால் ஒயின் தோட்டக்காரர்கள் பள்ளத்தின் ஆழ்ந்த கரிசலை விட்டு, முரும் என்று மராத்தியில் சொல்லப்படும் சிதைந்த பாறைச் சரளை கிடக்கும் மேட்டுச் சரிவுகளை விரும்புகிறார்கள். நீரின் உவரையும் வறட்சியையும் தாங்க டாக்ரிட்ஜ், 110ஆர் போன்ற வேர்ச்செடிகளில் ஒட்டுக்கட்டுவது பரவலாகியிருக்கிறது. 1997இல் புனே அருகே மாஞ்சரியில் தொடங்கிய தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் இத்துறையில் உழைத்துவருகிறது.

1980களில் புனே மாவட்டத்து நாராயண்காவில் தொடங்கிய முயற்சிகளுக்குப்பின், ராஜீவ் சமந்த் நிறுவிய சுலா 2000இல் தன் முதல் ஒயினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. செனின் பிளாங்க், சோவினியோன் பிளாங்க் போன்ற வெள்ளை வகைகள் நாசிக்கில் நன்கு நிலைபெற்றன. இன்று நாசிக் பள்ளத்தாக்கு ஒயினுக்குப் புவிசார் குறியீடு உண்டு.

பாறையின் பங்கையும் உயரத்தின் பங்கையும் பிரித்தறிய மற்ற இரண்டு இடங்கள் உதவும். கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதித் தோட்டங்கள் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளன. அங்கே பாறை எரிமலையுடையது அன்று, மிகப் பழைய நைஸ் வகைக் கற்பாறை. இருந்தும் அங்கே குறிப்பிடத்தக்க ஒயின் உருவாகிறது. தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கும் எரிமலை நிலமல்ல. அங்கு விளையும் பன்னீர்த் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்னும் வகை. 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. சுமார் 400 மீட்டர் உயரமும் மலைகள் சூழ்ந்த மிதமான தட்பவெப்பமும் முல்லைப் பெரியாற்று நீரும் சேர்ந்து, ஆண்டு முழுதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கச் செய்கின்றன. அது பெரும்பாலும் உண்ணும் பழம். இடைவிடாது காய்ப்பது சந்தைக்கு வரம். ஒயினுக்கு வேண்டிய நீண்ட, குளிர்ந்த முதிர்ச்சிக்கு அங்கே இடம் குறைவு.

கடல்மட்டத்தில்

ராமேஸ்வரம் தீவின் மிக உயர்ந்த இடம் கந்தமாதன பர்வதம் என்னும் மணல்மேடு. தீவின் அடித்தளம் பவளச் சுண்ணாம்புக்கல், மேலே கடல்மணல். பாம்பனுக்கு இப்பால் ராமநாதபுரத்தில் மணல், வண்டல், கரிசல், உவர்நிலம் என்று மாறிமாறி வரும் சமவெளி. ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச காலத்துக்குக் கண்மாய்களே துணை.

ஒயின் திராட்சை இங்கே வராததற்கு மணலைக் குற்றம் சொல்ல முடியாது. தடை இரவில் இருக்கிறது. நான்கு பக்கமும் வெதுவெதுப்பான கடல் சூழ்ந்ததால் தீவில் பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வேறுபாடு சில பாகைகளே. கோடை இரவு 26, 27 பாகைக்குக் கீழ் இறங்குவது அரிது. அத்தகைய இரவில் பழத்தின் மாலிக் அமிலம் தீர்ந்துவிடும். தோலில் நிறம் ஏறாது. கடற்காற்றின் ஈரத்தில் சாம்பல் நோய்கள் பெருகும். நிலத்தடி நீரின் குளோரைடு இலை ஓரத்தைக் கருக்கும். குளிர் உறக்கம் இல்லாததை நாசிக் கவாத்தால் ஈடுகட்டியது. வெப்ப இரவை ஈடுகட்டும் கவாத்து இல்லை.

இந்த நிலத்துக்கு இசைந்த சாறு பனையுடையது. பல மீட்டர் ஆழமும் அகலமும் பரவும் சல்லிவேர்த் தொகுதியால், மணலுக்கு அடியில் தேங்கிய மழைநீரைப் பனை எடுத்துக்கொள்கிறது. உவரையும் உப்புக்காற்றையும் ஓரளவு தாங்குகிறது. பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் வடியும் சாற்றில் பத்துக்கு மேற்பட்ட சதவீதம் சர்க்கரை இருக்கும். அதில் பெரும்பகுதி கரும்பில் உள்ள சுக்ரோஸ்.

பனஞ்சாற்றையும் திராட்சைச் சாற்றையும் பிரிப்பது அமிலம். திராட்சைச் சாறு இயல்பிலேயே புளிப்பு மிக்கது. அதன் கார அமிலக் குறியீடு 3க்கும் 4க்கும் இடையில். அந்தப் புளிப்பில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் பெருக முடியாது. ஈஸ்ட் மட்டும் வளர்ந்து சர்க்கரையைச் சாராயமாக்கும். 12, 13 சதவீதச் சாராயமும் அமிலமும் சேர்ந்து ஒயினைக் காக்கும். கம்பானியச் சாடிகள் அலெக்சாந்திரியா வழியே செங்கடலைக் கடந்து பருவக்காற்றில் தமிழகக் கரைவரை வர முடிந்தது இந்த வேதியியலால்தான். புதிய பனஞ்சாறு புளிப்பற்றது. கலயத்திலேயே ஈஸ்டும் சைமோமோனஸ் போன்ற பாக்டீரியாக்களும் வேலையைத் தொடங்கிச் சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். ஓரிரு நாளில் அது காடியாகும். அதனால்தான் பதநீர் இறக்கும் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள். சுண்ணாம்பின் காரத்தன்மை நுண்ணுயிர்களைத் தடுத்து இனிப்பைக் காக்கிறது. நெடுநாள் வைத்திருக்கவும் தூரத்துக்கு அனுப்பவும் வேண்டுமானால் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு பழத்தின் தன்மையைத் தீர்மானிக்கும் என்ற விதி, இம்மாவட்டத்தின் குண்டு மிளகாயிலும் செயல்படுகிறது. ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்ற பெயரில் 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த உருண்டை வகை, முதுகுளத்தூர், கமுதி, கடலாடி வட்டாரங்களில் பெரும்பாலும் மானாவாரியாக விளைகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கப்படும் செடி மழையில் வளர்ந்து, மழை ஓய்ந்தபின் காய்த்து, வெயில் ஏற ஏறப் பழுக்கிறது. கரிசல் பிடித்துவைத்த ஈரம் மெல்லக் குறையும் வேளையில் காய் முற்றுகிறது. வறண்ட காற்றும் வெயிலும் நிறைந்த நாட்களில் களத்தில் காய்ந்து வத்தலாகிறது. வளர்ச்சிக்கு ஈரம், முதிர்ச்சிக்குப் பற்றாக்குறை, உலர்வுக்கு வெயில் என்ற வரிசையை இங்கே உயரமோ எரிமலையோ அமைக்கவில்லை. பருவமழையின் குறுகிய காலமும் மண்ணின் நீர்ப்பிடிப்பும் அமைத்தன.

ஒரு விளைபொருளின் சுவையை நிலத்தோடு இணைக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இவை: எந்தப் பருவத்தில் ஈரம் எவ்வளவு கிடைக்கிறது, பழம் முற்றும்போது இரவு எவ்வளவு குளிர்கிறது, முதிர்ச்சிக்கு எத்தனை வாரம் கிடைக்கிறது, வேர் எவ்வளவு ஆழம் இறங்க முடிகிறது. பாறையின் பெயர் இவற்றுக்குப் பின்னால் வரும் காரணங்களில் ஒன்று. எட்னாவிலும் நாசிக்கிலும் இந்த விடைகள் ஒயின் திராட்சைக்குச் சாதகமாக அமைந்தன. ராமநாதபுரம் கரையில் அவை பனைக்கும் மிளகாய்க்கும் சாதகமாக அமைந்திருக்கின்றன.